கேஸ் தீர்ந்துபோவதில்லை: குளிர் அறை பற்றி வாசகர் கேள்விகள்

காவிரிப் படுகையில் குளிர் அறை வைத்துத் தொழில் செய்வோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வாழைத்தார், மீன், ஐஸ்கிரீம், பூ, காய்கறி என்று சரக்கு வேறு வேறாக இருந்தாலும், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "கேஸ்" என்ற ஒரே சொல்லை, அதாவது குளிர்பதன வாயுவைச் சுற்றி வந்தன. குளிர் குறைந்தால் கேஸ், மின்கட்டணம் கூடினால் கேஸ், இயந்திரம் சத்தம் போட்டாலும் கேஸ். முப்பது ஆண்டுகளாக இந்த வேலையையே செய்துவருபவன் என்ற முறையில், பதில்களைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுவதற்கு முன் வெப்பமானியைக் கையில் எடுக்காத மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

கேள்வி (வாழைத்தார் மொத்த வியாபாரி, திருவையாறு): ஐயா, எங்கள் கிடங்கில் பத்தடிக்குப் பன்னிரண்டடி குளிர் அறை ஒன்று உள்ளது. 13 டிகிரியில் நிற்க வேண்டிய அறை, சித்திரையிலிருந்து 17, 18-க்குக் கீழே இறங்கவில்லை. இந்த ஆண்டில் மூன்று முறை கேஸ் போட்டாகிவிட்டது. போட்ட இரண்டு மூன்று வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு பழைய கதைதான். கம்ப்ரஸர் தேய்ந்து கேஸைக் குடிக்கிறது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வண்டிக்குப் பெட்ரோல் போலக் குளிர்பதன இயந்திரத்துக்குக் கேஸ் எரிபொருள் அன்று. அறைக்குள் இருக்கும் காயிலுக்குள் திரவமாக நுழைந்து, கொதித்து ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு, கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டு, வெளியே நிற்கும் கண்டென்ஸரில் அந்த வெப்பத்தைக் கொட்டிவிட்டு, மறுபடியும் திரவமாகி உள்ளே திரும்புவதுதான் அதன் வேலை. மூடிய சுற்றில் ஓடும் அது, முதல் நாள் எவ்வளவு நிரப்பப்பட்டதோ பத்து ஆண்டு கழித்தும் அவ்வளவே இருக்க வேண்டும். தேய்ந்த கம்ப்ரஸர் அழுத்தத்தைக் குறைவாகத் தரலாம், மின்சாரத்தை அதிகமாக இழுக்கலாம். ஆனால் கேஸைக் குடிக்க அதனால் முடியாது. மூன்று முறை போட்டும் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கைத் தேடாமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவதுதான், அந்த நீருக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பதும் நீங்கள்தான்.

ஒழுக்கு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் அது தானே காட்டிக்கொடுத்துவிடும். கேஸோடு கம்ப்ரஸரின் எண்ணெயும் சிறிதளவு சுற்றிவருவதால், கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெய்க் கசிவு படிந்து, அதன்மேல் தூசு ஒட்டிக் கருத்துப்போயிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிடங்கில், உங்களுடையதைப் போலவே மீண்டும் மீண்டும் கேஸ் போட்ட இயந்திரத்தைப் பார்க்கச் சென்றேன். ஜாயின்ட் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவியாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், பிரஷர் சுவிட்சுக்குப் போகும் நூல்போன்ற செப்புக் குழாயை விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தபோது, இரும்புக் கிளாம்பைத் தொடும் இடத்தில் விரல் கறுப்பாகிவிட்டது. கம்ப்ரஸர் அதிரும்போதெல்லாம் குழாய் கிளாம்பில் உராய்ந்து உராய்ந்து, ஊசிமுனை அளவுக்குத் துளை விழுந்திருந்தது. அங்கே நுரையை வைத்ததும் கடுகளவில் ஒரு குமிழ் எழும்பி, உடையாமல் மெல்லப் பெருத்தது. சரிசெய்ய ஒரு துண்டுக் குழாயும், அடியில் வைக்க ஒரு ரப்பர்த் துண்டும்தான் தேவைப்பட்டன.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் இவற்றை வரிசையாகக் கேளுங்கள். ஃபிளேர் நட்டுகள், சர்வீஸ் வால்வின் மூடிகள், அறைக்குள் இருக்கும் காயிலின் வளைவுகள், அதிரும் இடங்களில் செல்லும் சிறு குழாய்கள் ஆகியவற்றை முதலில் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். அதில் அகப்படாவிட்டால், மிச்சமுள்ள கேஸைச் சிலிண்டரில் மீட்டெடுத்துவிட்டு, நைட்ரஜனை நிரப்பி, பெயர்ப்பலகையில் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் நிறுத்தி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலையில் 250 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு, வெயில் ஏறி 10 டிகிரி கூடிய பிறகு பார்த்தால் முள் 8 அல்லது 9 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், இரவில் அவ்வளவும் இறங்கிவிடும். வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளாமல் முள் இறங்கியதை மட்டும் பார்த்து ஒழுக்கு என்று முடிவு கட்டக் கூடாது. நைட்ரஜன் கையில் இல்லை என்று வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனைத் திறந்துவிடுவோர் உண்டு. அழுத்தமான ஆக்சிஜன் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். இதில் விதிவிலக்கே கிடையாது.

ஒழுக்கை அடைத்த பிறகு ஈரத்தையும் தூசையும் பிடிக்கும் ஃபில்டர் ட்ரையரைப் புதிதாக மாற்றி, வேக்குவம் பம்பு வைத்து 500 மைக்ரான் (வெற்றிட அளவு) வரை காற்றையும் ஈரத்தையும் இழுத்து, பம்பை அடைத்தபின் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே கேஸை நிரப்ப வேண்டும். அதையும் கண் மதிப்பில் அன்றித் தராசில் வைத்து எடைபோட்டு நிரப்ப வேண்டும். இயந்திரத்தின் கம்ப்ரஸரையே ஓட்டிக் காற்றை வெளியேற்றுவது வேக்குவம் ஆகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தையும் வைக்கிறேன். அறை சித்திரையில்தான் படுக்கத் தொடங்கியது என்கிறீர்கள். வயலிலிருந்து வெயிலில் வந்து இறங்கும் தார் 35 டிகிரிக்குக் குறையாத சூட்டோடு உள்ளே போகிறது. காய் மூச்சுவிடுவதால் தானும் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரே மூச்சில் இருநூறு தாரை அடுக்கிவிட்டு மறுநாள் 13 வரவில்லை என்றால் பழி இயந்திரத்தின் மேல் மட்டும் இல்லை. தாரை நிழலிலோ இரவுக் காற்றிலோ ஆறவிட்டு, பகுதி பகுதியாக ஏற்றிப் பாருங்கள். இறங்கவில்லை என்ற ஆத்திரத்தில் தெர்மோஸ்டாட்டை 10-க்குத் திருப்பிவிடாதீர்கள். 13-க்குக் கீழே போனால் பூவன் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும், பிறகு எந்தச் சூட்டில் வைத்தாலும் நிறம் திரும்பாது.

கேள்வி (ஐ.டி.ஐ. மாணவர், தஞ்சாவூர்): சூப்பர்ஹீட் பார்க்காமல் கேஸ் போடக் கூடாது என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். பயிற்சிக்குப் போகும் பட்டறையில் யாரும் பார்ப்பதில்லை. அது அவ்வளவு முக்கியமா?

பதில்: ஆசிரியர் சொல்வதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்-22 என்ற வகைக் கேஸ் நிரப்பிய ஓர் இயந்திரத்தில், கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் சக்‌ஷன் கேஜ் 58 பி.எஸ்.ஐ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தத்தில் ஆர்-22 ஏறக்குறைய 0 டிகிரியில் கொதிக்கிறது. காயிலை விட்டு வெளியேறும் குழாயில், காயிலுக்குள் போகும் திரவத்தை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்பு (வெப்பத்தை உணரும் சிறு குமிழ்) கட்டியிருக்கும் இடத்துக்கு அருகே, வெப்பமானியின் முனையை வைத்து மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டுங்கள். அது 6 டிகிரி காட்டினால், கேஸ் முழுவதும் ஆவியாகி அதற்கு மேலும் 6 டிகிரி சூடேறியிருக்கிறது, சூப்பர்ஹீட் 6. பொதுவாக 5 முதல் 8 வரை நல்ல நிலை. அது 15, 18 என்று போனால் காயிலின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. கேஸ் குறைவாக இருக்கலாம், ட்ரையர் அடைத்திருக்கலாம், வால்வு போதுமான அளவு திறக்காமல் இருக்கலாம். 1 அல்லது 2-க்கு வந்துவிட்டால் திரவமே கம்ப்ரஸருக்குத் திரும்பும் அபாயம் இருக்கிறது. திரவத்தை அழுத்த முடியாத கம்ப்ரஸர் வால்வுத் தகட்டை உடைத்துக்கொள்ளும்.

கேஜ் மட்டும் பார்ப்பவர் கேஸ் குறைந்ததையும் ட்ரையர் அடைத்ததையும் ஒன்றாகவே பார்ப்பார், ஏனெனில் இரண்டிலும் சக்‌ஷன் முள் இறங்கும். ட்ரையருக்கு முன்னும் பின்னும் கையை வைத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் பின்பக்கம் சில்லிட்டிருக்கும், சில வேளை வியர்த்தும் இருக்கும். அந்த நிலையில் கேஸைக் கூட்டினால் கண்டென்ஸர் பக்க அழுத்தம் ஏறுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்கிறேன். ஆர்-404ஏ என்பது மூன்று கேஸ்களின் கலவை. சிலிண்டரிலிருந்து அதை எடுக்கும்போது ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும் என்பதால் திரவமாகவே எடுக்க வேண்டும். பட்டறையில் சிலிண்டரை எப்படி வைத்து நிரப்புகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

கேள்வி (காய்கறிக் கிடங்கு உரிமையாளர், அம்மாபேட்டை): எங்கள் கிடங்குக்கு அடுத்த வளாகமே அரிசி ஆலை. அறுவடைக் காலத்தில் கம்ப்ரஸர் அடிக்கடி தானே நின்றுவிடுகிறது, அரை மணி கழித்துப் பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. கோடையில் கண்டென்ஸர்மேல் தண்ணீர் தெளிக்கலாமா என்றும் சொல்ல வேண்டும்.

பதில்: நின்றது கோளாறு அன்று, காப்பு. கண்டென்ஸர் வெப்பத்தைக் கொட்ட முடியாமல் அழுத்தம் எல்லை மீறும்போது ஹை பிரஷர் சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்துகிறது. குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் பறக்கும் உமி, பதர், வைக்கோல் தூசு ஆகியவை கண்டென்ஸர் தகடுகளுக்கிடையே கம்பளிபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நின்று பாருங்கள், வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு. மின்சாரத்தை மெயினிலேயே அணைத்துவிட்டு, காற்று நுழையும் பக்கத்தில் மென்மையான பிரஷ் வைத்துத் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் துலக்கி, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சாதாரணக் குழாய் நீரை விட்டுக் கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம். அலுமினியத் தகடு மடிந்து படுத்துவிட்டால் அடைப்பே மேல் என்று ஆகிவிடும். அறுவடை மாதங்களில் இதை வாரம் ஒரு முறை செய்யுங்கள். இதற்கு மெக்கானிக் வர வேண்டியதில்லை. அந்த ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே காலம் தள்ளுவதும், சுவிட்சை ஒயர் போட்டு இணைத்துவிடுவதும் கம்ப்ரஸர் மோட்டாரைக் கருக்கிவிடும்.

தண்ணீர் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உடனே அழுத்தம் இறங்குவது உண்மைதான், ஆனால் போர்வெல் நீரில் இருக்கும் உப்பு தகடுகளில் பூத்து, ஒரே கோடையில் நிரந்தர அடைப்பாகிவிடும். கண்டென்ஸருக்கு மேலே காற்றோட்டத்தைத் தடுக்காமல் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு வெயிலை மறைத்தால் போதும். தகடுகளை ஒட்டிச் சாக்கையோ கிரேட்டையோ அடுக்காதிருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வயலை ஒட்டிய கிடங்கு என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி கிடங்குக்குள் வரும். கன்ட்ரோல் பெட்டியின் ஒயரையும், பேனல் இடுக்கில் நுழைந்து உள்ளே இருக்கும், வெப்பத்தைத் தடுக்கும் பஃப் நுரையையும் கடித்துக் கூடு கட்டும். பேனல் அடியோரத்தில் பொடிப்பொடியாக மஞ்சள் நுரை உதிர்ந்திருந்தால் அது எலியின் கைவரிசை.

கேள்வி (ஐஸ்கிரீம் விநியோகஸ்தர், கும்பகோணம்): எங்கள் ஃப்ரீசர் அறை மைனஸ் 20-ல் ஓடுகிறது. உள்ளே இருக்கும் காயில் முழுவதும் ஐஸ் கட்டிச் சுவர்போல் ஆகிவிடுகிறது. வாரம் ஒரு முறை ஆள் வைத்து உளியால் கொத்தி எடுக்கிறோம். மழைக்காலத்தில் இது இரட்டிப்பாகிறது. கேஸ் அதிகமாகிவிட்டதா?

பதில்: முதலில் அந்த உளியைப் பிடுங்கி வையுங்கள். தொழில் கற்கும் காலத்தில் நானும் ஸ்குரூ டிரைவரால் ஐஸைக் கொத்தினேன். மூன்றாவது குத்தில் "உஸ்" என்று ஒரு சத்தம்; வெண்புகைபோல் கேஸ் முகத்தில் அடித்தது. ஆறு கிலோ கேஸ் போயிற்று, உள்ளே இருந்த சரக்கும் உருகியது. முதலாளி திட்டவில்லை. அந்தக் காயிலை அவிழ்த்துத் துளையைப் பிரேசிங் செய்யும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் இத்தனை ஆண்டு நினைவிருக்காது.

ஐஸுக்குக் காரணம் கேஸ் அன்று, காற்றில் இருக்கும் ஈரம். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகுந்து, மிகக் குளிர்ந்த காயிலில் பட்டு உறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதிக் காற்றே நனைந்த துணி மாதிரி இருப்பதால் அப்போது இரட்டிப்பாவதில் வியப்பில்லை. அந்த உறைபனியை உருக்குவதற்குத்தான் காயிலுக்குள்ளேயே ஹீட்டர் கம்பிகளும், ஒரு டைமரும் வைக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரஸரும் ஃபேனும் நின்று, ஹீட்டர் எரிந்து, பனி நீராகி, கீழேயுள்ள தட்டில் விழுந்து, ட்ரெயின் குழாய் வழியாக வெளியேற வேண்டும். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம் என்பது வழக்கமான அமைப்பு.

உங்கள் அறையில் இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. டைமரைக் கையால் திருப்பி டிஃப்ராஸ்ட் நிலைக்குக் கொண்டுவந்து, ஹீட்டர் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். ஆம்பியரே வரவில்லையென்றால் டைமர், தெர்மோஸ்டாட், ஹீட்டர் என்று வரிசையாகப் பாருங்கள். மூன்று ஹீட்டரில் ஒன்று மட்டும் இறந்திருந்தால் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்கு குறையும். காயிலின் ஒரு பக்கம் மட்டும் ஐஸ் கட்டுவது அதன் அடையாளம். ஹீட்டர் சரியாக எரிந்தும் ஐஸ் அடியிலிருந்தே கட்டி ஏறுகிறதென்றால், உருகிய நீர் வெளியேறாமல் தட்டிலேயே மறுபடி உறைகிறது. ஃப்ரீசர் அறைக்குள் செல்லும் ட்ரெயின் குழாயைச் சுற்றி ஒரு ஹீட்டர் ஒயர் இருக்க வேண்டும், அது எரிகிறதா என்று தொட்டுப் பாருங்கள். குழாய் அறைக்கு வெளியே வந்ததும் நீர் தங்கும் வளைவு ஒன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிக்காற்று அந்தக் குழாய் வழியாகவே உள்ளே உறிஞ்சப்படும்.

இவை சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது கதவு. கதவோர ரப்பரான கேஸ்கட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடித்து இழுத்து வர வேண்டும். தானாக நழுவி வந்தால் அந்த இடம் பல்லிளிக்கிறது என்று பொருள். கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இப்படிப் பார்த்துவிடுங்கள். கதவுச் சட்டத்துக்குள் ஓடும் ஹீட்டர் இறந்திருந்தால் கேஸ்கட் உறைந்து சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போதெல்லாம் கிழியும். பிளாஸ்டிக் திரையைக் கையை இடிக்கிறது என்று பாதி வெட்டி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆட்களும் அப்படிச் செய்திருந்தால் புதிதாக மாட்டிவிடுங்கள். அதுவரை, கட்டியிருக்கும் ஐஸை எடுக்கச் சரக்கை வேறிடம் மாற்றி, இயந்திரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். நேரமாகும், ஆனால் காயில் பிழைக்கும்.

கேள்வி (மீன் ஏற்றுமதியாளருக்குச் சரக்கு தருபவர், நாகப்பட்டினம்): புது இயந்திரம் வைத்து மூன்றே ஆண்டு. கண்டென்ஸர் தகட்டை விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது. தரமில்லாத பொருளா?

பதில்: பொருளைவிட இடத்தைக் குறை சொல்வதே நியாயம். கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சேர்ந்து, செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் ஒரு சிறு பேட்டரியைப்போல் வேலை செய்கிறது. அதில் கரைவது அலுமினியம். தகடு குழாயை விட்டு விலகியதும் வெப்பம் கடத்தப்படுவதில்லை, அழுத்தம் ஏறுகிறது, மின்கட்டணமும் ஏறுகிறது. உதிர்ந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, காயிலை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது எபாக்சி பூச்சுக் கொடுத்த காயிலையோ, தகடும் செம்பாகவே உள்ளதையோ கேட்டு வாங்குங்கள். வைக்கும் இடத்தைக் கட்டடத்தின் மேற்குப் பக்கம், கடற்காற்று நேராக மோதாதபடி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுவது உங்களுக்குக் கட்டாயம். மீன் கழுவிய உப்புநீர் தெறிக்கும் இடத்தில் கன்ட்ரோல் பெட்டியை வைக்காதீர்கள். ஒயர் முனைகள் பச்சை பூத்திருந்தால் அவற்றையும் வெட்டிப் புதிதாக முறுக்குங்கள்.

கேள்வி (பால் பொருள் முகவர், மன்னார்குடி): கஜா புயலின்போது நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்து, மின்சாரம் வந்த அன்றே கம்ப்ரஸர் எரிந்துபோனது. அது ஏன்? இனி அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, படுகையில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அதன்பின் வந்த இரண்டு மாதமும் நான் பார்த்தவை பெரும்பாலும் எரிந்த கம்ப்ரஸர்கள்தான். அவற்றின் காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மூன்று ஃபேஸில் ஒன்று வராமலோ, வோல்டேஜ் மிகக் குறைந்தோ மின்சாரம் வந்தது. சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் இல்லாத மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே கருகும். அந்தச் சிறு கருவியின் விலை கம்ப்ரஸர் விலைக்குக் கால்தூசு பெறாது. இரண்டாவது, கம்பிகளை அறுத்து இணைத்தபோதும் ஜெனரேட்டரை அவசரமாக மாட்டியபோதும் ஃபேஸ் வரிசை மாறிப்போனது. பிஸ்டன் கம்ப்ரஸருக்கு அது பொருட்டில்லை. ஸ்க்ரோல் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுழன்று, சத்தத்தோடு ஓடியும் குளிர் தராமல், சூடேறிச் சாகும். மூன்றாவது பலருக்கும் தெரியாதது. பல நாள் நின்ற இயந்திரத்தில் கேஸ் மெல்ல நகர்ந்து கம்ப்ரஸரின் எண்ணெயோடு கலந்து அடியில் தங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் கம்ப்ரஸரின் எண்ணெயைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டர் இருக்கிறது. மின்சாரமே இல்லாதபோது அதுவும் எரிந்திருக்காது. மின்சாரம் வந்ததும் பட்டனை அழுத்தினால், எண்ணெய் நுரைத்துப் பொங்கி வெளியேறி, பேரிங் காய்ந்து ஓடும்.

ஆகவே நீண்ட மின்வெட்டுக்குப் பின் கம்ப்ரஸர் பிரேக்கரை மட்டும் அணைத்து வைத்து, மெயினைப் போட்டு ஹீட்டரை ஒரு நாள் எரியவிடுங்கள். மறுநாள் மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் அளந்து, சமமாக இருந்தால் மட்டும் ஓட்டுங்கள். ஒரு முறை எரிந்த கம்ப்ரஸரை மாற்றும்போது பழைய எண்ணெயின் அமிலம் குழாய்களில் எஞ்சியிருக்கும். சக்‌ஷன் பக்கத்தில் அமிலம் நீக்கும் ட்ரையரைப் போடாமல் புதியதை மாட்டினால் அதுவும் சில மாதத்தில் அதே வழியில் போகும்.

மின்சாரம் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் சரக்கைக் கெடுக்கும். வெப்பமானியைப் பார்த்தால் போதும், ஆனால் அது சரியாகக் காட்டுகிறதா என்று முன்பே சோதித்திருக்க வேண்டும். ஓர் எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸும் நீரும் நிரப்பி, வெப்பமானியின் முனையை நடுவில் வைத்துக் கலக்கிப் பாருங்கள். அது 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் உங்கள் வெப்பமானி எப்போதும் 2 கூட்டிச் சொல்கிறது. பால் 4 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்று தீர்மானிக்க இப்படிச் சோதித்த வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி (குளிர்பானக் கிடங்கு, பட்டுக்கோட்டை): ஆர்-22 இனிக் கிடைக்காது, ஆர்-404ஏ போட்டுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அப்படியே மாற்றி ஊற்ற முடியாது. ஆர்-22 இயந்திரத்தில் இருப்பது மினரல் எண்ணெய். ஆர்-404ஏ அதோடு கலக்காது, பி.ஓ.இ. என்ற செயற்கை எண்ணெய் வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வும் ட்ரையரும் மாற வேண்டும், அழுத்தமும் கூடுதல். ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் ஆர்-22-ஐ மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகள் 2030-ஐ ஒட்டிப் பெரும்பாலும் கைவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆர்-404ஏ-யும் நிரந்தரத் துணையன்று; ஓசோனைத் தொடாவிட்டாலும், புவியைச் சூடாக்கும் திறனில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 3,900 மடங்கு. அதே ஒப்பந்தத்துக்கு இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்ட கிகாலி திருத்தத்தில் அதுவும் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டிய பட்டியலில் இருக்கிறது. இயந்திரம் ஒழுகாமல் ஓடுகிறதென்றால் ஆர்-22-இலேயே ஓடட்டும். கம்ப்ரஸர் போகும் நாளில் மொத்தமாக மாற்றுவதே கணக்குக்குச் சரிவரும்.

கேள்வி (பூ வியாபாரம் செய்யும் பெண், மயிலாடுதுறை): எங்கள் குளிர் அறைக் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. வேலைக்கு வரும் பெண்கள் பயப்படுகிறார்கள். ரிப்பேருக்கு ஆள் வரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை கவனமாக இருந்தால் போதுமா?

பதில்: போதாது, அம்மா. வந்த கேள்விகளில் மிக அவசரமானது உங்களுடையதுதான். குளிர் அறைக் கதவின் உட்புறத்தில், வெளியே பூட்டியிருந்தாலும் தள்ளினால் திறக்கும் விடுவிப்புக் குமிழ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதன் தண்டு வெளிப்பூட்டின் திருகுவரை ஊடுருவிச் செல்லும். துருவேறியோ ஐஸ் பிடித்தோ அது இறுகியிருக்கும், அல்லது யாரோ வெளியே புதிதாகத் தாழ்ப்பாள் போட்டு அதைச் செயலற்றதாக்கியிருப்பார்கள். இன்றே வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். குமிழ் சரியாகும்வரை கதவு முழுவதும் மூடாதபடி கீழே ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி வைத்து, ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்கட்டும். குளிர் கொஞ்சம் போனால் போகட்டும். மல்லிகை நாளைக்கும் வரும். உள்ளே கேஸ் ஒழுகினால் அது காற்றைவிடக் கனமாகத் தரையோடு தங்கி மூச்சை அடைக்கும் என்பதால், மங்காத விளக்கும், வெளியே கேட்கும் மணியும் உள்ளே இருப்பது நல்லது.

குமிழைப் பழுதுபார்த்துவிட்டுப் போகிறவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அவரையே உள்ளே நிறுத்திக் கதவை மூடி, வெளியிலிருந்து பூட்டுங்கள். அவர் தானாகத் திறந்துகொண்டு வெளியே வந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.